இலைச் சாக்கு

கோகிலவாணியின் மிஷின் ஓடத் தொடங்கினால் தெருவில் போகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு சத்தம். பேனாவைவிடக் கொஞ்சம் பருமன், வாலில் ஒயர், மூக்கில் வைரத்தூள் ஒட்டிய ஊசி. கண்ணாடியில் பூவும் கொடியும் கீறுவதற்காகப் புருஷன் நவநீதன் போனிலேயே ஆர்டர் போட்டு வாங்கிக் கொடுத்தது. வாங்கிக் கொடுத்தவனே, "எங்கூட்டுல ஒரு பல் டாக்டரு இருக்காங்க, பல்லு நோவுன்னா வாங்க" என்று பாலக்கோட்டுத் தக்காளி மண்டி வரைக்கும் சொல்லி வைத்திருந்தான்.

கற்றுக்கொடுக்க ஆள் யாரும் இல்லை. போனில் ஒரு பெண் இந்தியில் பேசிக்கொண்டே கீறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. ஊறுகாய் பாட்டிலுக்குள் படம் வரைந்த தாளை ஒட்டி, வெளியிலிருந்து கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டினாள். அழுத்தினால் சில்லு பெயர்ந்தது. அழுத்தாவிட்டால் ஊசி வழுக்கிக்கொண்டு அதன் பாட்டுக்கு எங்கோ போனது. முதல் பாட்டிலில் கீறிய மயிலைப் பார்த்து நவநீதன், "கோழி நல்லாருக்குது" என்றான். ஒரு நாள் முழுக்க அவள் அவனிடம் பேசவில்லை. அடுத்த மாதம் கீறியதை அவனே மயில் என்று சொன்னபோது, சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினாள்.

மாமியார் செல்லம்மாளுக்கு மட்டும் இந்த வேலை பிடிக்கவே இல்லை.

"கண்ணாடித் தூளு சோத்துல வுழுந்தா கொடலு என்னாவறது? பூ வரையணும்னா வாசல்ல வரையட்டுமே. தெனம் ஒண்ணு வரைஞ்சாலும் யாரு வேணாங்கறாங்க?"

அதனால் கோகிலவாணி தன் மிஷினோடு வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்கு நாடு கடத்தப்பட்டாள். தூள் பறக்காமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு, மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அந்தக் கோலத்தில் பார்த்தால் வங்கிக் கொள்ளைக்குக் கிளம்பினவள் மாதிரி இருக்கும்.

அந்த வீட்டுக்குச் சோறு போட்டது பட்டுப்புழு. புழு என்று அங்கே யாரும் சொல்வதில்லை, பூச்சி என்றுதான் சொல்வார்கள். கிணற்றை ஒட்டி மல்பெரித் தோட்டம், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் பூச்சி வளர்க்கிற கொட்டகை, பூச்சி செட்டு. மாமனார் காலமான பிறகு செட்டு முழுக்க செல்லம்மாள் கையில்தான். செருப்பை வெளியே விட வேண்டும். வாசலில் பரப்பிய சுண்ணாம்பை மிதித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பவுடர், சென்ட் போட்டவர்கள் கிட்டத்தில் வரக் கூடாது. வெளியாட்கள் அறவே கூடாது. கண்ணு பட்டால் பூச்சி மயங்கும் என்பாள். ஒருமுறை பென்னாகரத்திலிருந்து வந்த சொந்தத் தம்பி அர்ச்சுனனையே வாசலில் நிறுத்தி, "டீய அங்கயே குடிச்சிட்டுப் போடா" என்றவள் அவள். வருஷக்கணக்காகக் கூலிக்கு இலை அறுத்த சகாயமேரிகூட இலைக்கட்டை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போவாள்.

அந்தச் சகாயமேரி இப்போது கூலிக்கு வருவதில்லை. புருஷன் ஓசூர்க் கம்பெனியில் வேலை பார்த்து வாங்கிய அரை ஏக்கரில் மல்பெரி நட்டிருந்தாள். செட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு மாதா சொரூபம் வைக்கிற மரக்கூண்டின் கண்ணாடி உடைந்துபோக, புதுக் கண்ணாடி வாங்கிவந்து கோகிலவாணியிடம் கொடுத்திருந்தாள்.

"லீலிப்பூ போட்டுக் குடு கோகிலா. திருவிழாவுக்குள்ள குடுத்தாப் போதும்."

கோகிலவாணியிடம் கண்ணாடி கீறித் தரச் சொல்லி ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அன்றைக்கு அவளுக்குக் களி இறங்கவில்லை.

பாட்டிலை மடியில் இடுக்கிக்கொள்ளலாம், தட்டைக் கண்ணாடியை என்ன செய்வது? துவைக்கிற கல்லில் வைத்தால் வழுக்கியது. துண்டு போட்டாள், துண்டோடு வழுக்கியது. பிளாஸ்டிக் தாளும் சரிப்படவில்லை. கடைசியில் இலை அறைக்குப் போய் மூலை கிழிந்த ஒரு சணல் சாக்கை எடுத்துவந்தாள். அறுத்த இலை வாடாமல் இருக்க நனைத்து மூடுகிற சாக்கு அது. பலமுறை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. நனைத்து விரித்துக் கண்ணாடியை வைத்ததும் ஒட்டியது போல் நின்றது. சாயங்காலத்துக்குள் முதல் லீலிப்பூ விழுந்தது. ஒரு இதழ் கொஞ்சம் கோணல், மற்றதெல்லாம் நேர்த்தி. கண்ணாடித் தூள் கலந்து வழிந்த பால் தண்ணீரையெல்லாம் சாக்கு குடித்துக்கொண்டது. காலையில் அலசிக்கொள்ளலாம் என்று சாக்கை உதறிக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

காலையில் எங்கே நேரம் இருந்தது? பூச்சிகள் நாலாவது தோலும் உரித்து, கூடு கட்டுவதற்கு முந்தின பெருந்தீனியில் இருந்தன. அந்தச் சில நாள் அவை தின்பது அதற்கு முன் தின்ற மொத்தத்தையும்விட அதிகம். விடிகிற நேரத்திலேயே மூன்று பேரும் இலை வெட்டி, கட்டுக்கட்டாக அறையில் அடுக்கினார்கள். செல்லம்மாள் சாக்குகளை நனைத்து மூடினாள். முந்தின நாள் மீந்த இலையைக் காலைத் தீனிக்குப் போட்டார்கள். அதன் பிறகு அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றி ஆளுக்கொரு உருண்டை களியைத் தின்றார்கள்.

கை கழுவப் பின்பக்கம் போன கோகிலவாணி கொடியைப் பார்த்தாள். சாக்கு இல்லை.

இலை அறைக்குப் போனாள். மூலை கிழிந்த அந்தச் சாக்கு அடுக்கின் மேலேயே கிடந்தது. தூக்கினாள். அடியில் இருந்த இலைகளின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மினுக்கியது. விரலால் தடவினாள். நறநறவென்றது. சாக்கிலிருந்து இறங்கிய தண்ணீர் எந்தக் கட்டு வரைக்கும் போயிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

முன்வாசலில் நவநீதன் ஏற்கெனவே ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு செட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

ஒரு கணம்தான். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பூச்சி செத்தால் ஆவணி மழைமேல் பழி போடலாம், நோய்மேல் போடலாம், ஊரிலேயே கண்ணு வைத்தவர்களுக்கா பஞ்சம்? சொன்னால் மிஷின் போய்விடும். இதெல்லாம் அவள் மனசில் ஓடியது. ஓடியது என்பதை அவள் பிற்பாடு மறைக்கவும் இல்லை. ஆனால் கால் ஓடிவிட்டது.

"ஏங்க, நில்லுங்க! அத உள்ள கொண்டு போவாதீங்க!"

அவன் திரும்பினான். "என்னாச்சி? பாம்பா?"

"கண்ணாடித் தூளு. எலை மேல பூராவும் கண்ணாடித் தூளு."

சத்தம் கேட்டு செல்லம்மாள் வந்தாள். கோகிலவாணி எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கை எடுத்தது, விரித்தது, கொடியில் போட்டது. சொல்லும்போது மாமியார் முகத்தைப் பார்க்கவில்லை, சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். செல்லம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அறைக்குப் போய் ஒரு இலையைக் கிள்ளி, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் கொண்டும்போய்க் குழியில கொட்டு, நவநீதா."

"மேலாக்கத் தானம்மா பட்டுருக்கும்? அடியில இருக்கறத ரவ அலசிட்டுப் போட்டா?"

"ஈர எலையப் போட்டு நோவு வரவெக்கறதுக்கா? எந்த எலையில இருக்குது, எதுல இல்லன்னு நீ ஒண்ணொண்ணா நக்கிப் பாப்பியா? கொட்டுடா."

கொட்டினான். விடியலில் இருந்து மூன்று பேர் வெட்டிய இலை குழியில் கிடந்தது. கீழ் வயலில் இன்னும் இலை இருந்தது. ஆனால் அது நாளைக்கும் மறுநாளைக்கும் உள்ளது. இன்றைக்கு அதில் கை வைத்தால் கடைசித் தீனிக்கு இல்லை. கடைசித் தீனி குறைந்தால் கூடு தாள் மாதிரிதான் வரும்.

நவநீதன் போனை எடுத்தான். ஊர்ப் பூச்சியெல்லாம், முட்டை பொரித்துக் குஞ்சாக வளர்த்துத் தருகிற ஒரே சாக்கி சென்டரில் இருந்து ஒரே வாரத்தில் வந்தது. எல்லார் செட்டிலும் அதே பெருந்தீனி. பக்கத்துத் தோட்டத்து மாதேஸ்வரன், "எனக்கே பத்தல, உன்னக் கேக்கலாம்னு இருந்தேன்" என்றான். கடத்தூர்ப் பக்கம் ஒருத்தரிடம் இலை இருந்தது, நாலு நாளைக்கு முன்னால் மருந்தடித்த இலை, பூச்சிக்கு விஷம்.

"வேற யாருகிட்டயும் இல்லம்மா" என்றான்.

"இருக்குது. மேரி தோட்டத்துல நிக்குது" என்றாள் செல்லம்மாள்.

மேற்கே மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் அந்த இலையும் உதவாது.

"நான் போய்க் கேக்கறங்கத்த. எனக்கு இல்லன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள் கோகிலவாணி.

"நீ கேட்டா கண்ணாடிக்காவக் குடுப்பா. அது செரியில்ல. வூடு என்னுது, பூச்சி என்னுது. நானே கேக்கறேன். நீ அருவாளையும் கயித்தையும் எடுத்துக்கினு வா."

சகாயமேரி வீட்டு வாசலில் அடுப்பு மூட்டிப் பச்சைக் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தாள். செல்லம்மாளைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"என்னாங்கம்மா இந்தப் பக்கம்? சொல்லியனுப்பினா நானே வந்திருப்பேனே."

"எனக்குத்தான் வேலை. நாந்தான வரணும்."

"உக்காருங்க. கோகிலா, நீயும் உக்காரு. கண்ணாடி என்னா ஆச்சி, ஒடஞ்சி போச்சா? மூஞ்சி இப்பிடி இருக்குது?"

"கண்ணாடி நல்லாருக்குதுக்கா" என்று சொல்லும்போதே கோகிலவாணிக்கு அழுகை முட்டியது.

மேரி ஒரு தட்டில் கடலையை அள்ளி இருவருக்கும் நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு, வைத்தது தப்போ என்பது போல் நின்றாள். இத்தனை வருஷத்தில் செல்லம்மாள் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கை நனைத்ததில்லை. அது மேரிக்கும் தெரியும். செல்லம்மாள் தட்டைப் பார்த்தாள். ஒரு கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உப்பு செரியா இருக்குது" என்றாள். அப்புறம், "எலை வேணும் மேரி. இன்னிக்கித் தீனிக்கு" என்றாள்.

நடந்ததைச் சொன்னாள். மருமகள் சாக்கை எடுத்ததைச் சொன்னாள், தானே அதை நனைத்து மூடியதையும் சொன்னாள். மேரி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த மாசம் எனக்கே சாக்கி சொல்லியிருக்கறங்கம்மா. மொத மொதல்ல கொண்டாரப் போறேன். அதுக்குன்னுதான் இந்த எலைய வுட்டு வெச்சிருக்கறேன்."

"தெரியும். தெரிஞ்சிதான் கேக்கறேன். இப்ப நான் அறுத்துக்கறேன். உனக்குப் பூச்சி வர்றப்ப எங்க மேல் வயலு தழைஞ்சி நிக்கும். எவ்ளோ அறுத்தேனோ அவ்ளோ நீ வந்து அறுத்துக்க. குத்திக் காட்ட மாட்டேன்."

"எலைக்கு எலை, அது செரிதாங்க." மேரி கடலைத் தோலைத் தரையில் வரிசையாக அடுக்கினாள். "எனக்கு வேற ஒண்ணு வேணும்."

"சொல்லு."

"உங்க தோட்டத்துல நான் எத்தினி வருசம் எலை அறுத்திருப்பேன்? அந்தப் பூச்சி எப்பிடித் தின்னுதுன்னு ஒருநாளு கண்ணால பாத்ததில்லீங்க. வாசல்ல எறக்கிட்டு வந்துருவேன். நாளைக்கி அதுவ எங்கூட்டுக்கு வந்துச்சின்னா நான் என்னா பண்ணுவேன், சொல்லுங்க? கோகிலா போனப் பாத்துக் கண்ணாடி கீறுது. ஒடஞ்சா வேற கண்ணாடி. உசுர அப்பிடி வளக்க முடியுங்களா?"

செல்லம்மாள் இன்னொரு கடலையை எடுத்தாள், உடைத்தாள், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தம்பியையே வாசலில் நிறுத்திய மனுஷி என்ன சொல்லப்போகிறாள்?

"மழை வர்றதுக்குள்ள அறுக்கணும். எழுந்திரு" என்றாள் செல்லம்மாள்.

அது ஆமாவா இல்லையா என்று மேரிக்கும் தெரியவில்லை, கோகிலவாணிக்கும் தெரியவில்லை. ஆனாலும் மேரி அரிவாளை எடுத்தாள்.

மூன்று பேரும் வரிசை பிடித்து அறுத்தார்கள். புதுத் தோட்டம், விரல் பருமன் தண்டு, உள்ளங்கையை மறைக்கிற இலை. மேரியின் கை ஓடிய வேகத்துக்கு மற்ற இருவராலும் ஈடு கொடுக்க முடியவில்லை. தன் முதல் பூச்சிக்கென்று வளர்த்த இலையைத் தானே அறுக்கிறோமே என்று அவள் முகம் ஒருதரம்கூடச் சுருங்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் கோகிலவாணிக்கு வெட்கமாக இருந்தது. கட்டுகளை நவநீதன் வண்டியில் வைத்து நடை நடையாக அடித்தான். காற்று குளிர்ந்துவிட்டது. கடைசிக் கட்டுக்கு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாமல் மேரி அதைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

செட்டு வாசலுக்கு வந்ததும் அவள் கால் தானாக நின்றது. குனிந்து, எப்போதும் இறக்குகிற இடத்தில் கட்டை இறக்கப் போனாள்.

வண்டியில் முன்னாலேயே வந்துவிட்ட செல்லம்மாளின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "அங்க எதுக்கு எறக்கற? கால கழுவிக்கினு, சுண்ணாம்ப மிதிச்சி உள்ள கொண்டா. தூறல் வுழுது பாரு."

மேரி செருப்பைக் கழற்றினாள். தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவினாள். சுண்ணாம்பில் ஒரு காலை வைத்து, கொஞ்சம் யோசித்து, மறு காலையும் வைத்து உள்ளே போனாள்.

அடுக்கடுக்காகத் தட்டுகள். எல்லாத் தட்டிலும் வெள்ளைப் பூச்சிகள் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன. பசி. செல்லம்மாள் கொப்புகளைப் பரப்பிக்கொண்டே போக, மற்ற மூவரும் எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். பூச்சிகள் இலை விளிம்பில் ஏறின. கொஞ்ச நேரத்தில் செட்டு முழுக்கச் சளசளவென்று சத்தம் எழுந்தது. மேரி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மழை புடிச்சிக்கிச்சிங்களா?"

"மழை அந்தாண்ட. நீ கேக்கறது பூச்சி" என்றாள் செல்லம்மாள். "கிட்ட வந்து பாரு. தின்னுக்கினே இருக்கறப்ப எலையப் போடணும். தின்னு முடிச்சி தலையத் தூக்கிக்கினு தேடுதுன்னா நீ லேட்டு. இன்னிக்கி நான் லேட்டு."

மேரி ஒரு தட்டின் அருகில் முகத்தைக் கொண்டுபோய் அப்படியே நின்றாள். கண் கலங்கியிருந்தது. செல்லம்மாள் அவளை விலக்கிவிட்டுத்தான் அந்தத் தட்டுக்கு இலை போட வேண்டியிருந்தது. ஆனால் விலக்காமல் அடுத்த தட்டுக்குப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கோகிலவாணி மிஷினைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, பழைய டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தாள். ஒற்றைப் பூவோடு நின்ற கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் சாய்த்தாள்.

"பல் டாக்டரு லீவா?" என்றான் நவநீதன்.

"டாக்டரு இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் கொன்னுருப்பேன்."

"நீதான நிக்கச் சொன்ன?"

"அதுக்கு முன்னாடி நானுதான சாக்க எடுத்தேன்?"

யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. செல்லம்மாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் கோகிலவாணிக்குத் தாங்கவில்லை. இலை வெட்டினாள், தட்டு மாற்றினாள், களி கிண்டினாள். மத்தியானத்தில் கை சும்மா இருக்கும்போது விரல் தானாகப் பாயின்மேல் இதழ் வரைந்தது. வரைந்தது தெரிந்ததும் கையை மடக்கிக்கொண்டாள்.

பூச்சிகள் பழுத்தன. உடம்பு மஞ்சளாக மினுங்கி, தின்பதை நிறுத்திவிட்டு, ஏற இடம் தேடின. கூடு கட்டுகிற வலையில் எடுத்து விட்டார்கள். எட்டிப் பார்க்க மேரி தினமும் வந்தாள். செல்லம்மாள் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, மேரியே காலைக் கழுவிக்கொண்டு சுண்ணாம்பை மிதித்து வந்தாள். வலை முழுக்க வெள்ளை வெளேரென்று கூடு நிறைந்தது. தட்டிப் பார்த்தால் கெட்டி. தர்மபுரி மார்க்கெட்டுக்கு மூட்டைகளை ஏற்றி அனுப்பிய பிறகு செட்டு அமைதியாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் கோகிலவாணி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். செல்லம்மாள் கையில் ஒரு சாக்கோடு வந்தாள். மூலை கிழிந்த அதே சாக்கு. கிழிசலைத் தைத்து, நாலு மூலையிலும் சிவப்புத் துணி வைத்து அடித்திருந்தாள். துணி அவளுடைய பழைய புடவைக் கரை.

"இது உன்னுது. செவப்பு வெச்சது எலை ரூமுப் பக்கம் வரக் கூடாது. எலைச் சாக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. செவப்பப் பாத்தா எனக்கும் தெரியணுமில்ல? கொடியில கெடந்துது, கண்ண மூடிக்கினு எடுத்தேன். எங்கருந்து வந்துதுன்னு நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

கோகிலவாணி சாக்கை வாங்கிச் சிவப்பு மூலையைத் தடவினாள்.

"மேரி தெருவுல திருவிழாக் கொடி ஏத்திட்டாங்க. அவ கண்ணாடி ஒத்தப் பூவோட கெடக்குது. பரண்ல இருந்து அந்தச் சனியன எறக்கு."

"லீலிப்பூதான் போடணுங்களாத்த? மேரியக்கா தோட்டத்து எலையையும் ஒரு கொத்துப் போடலாம்னு..."

"எனக்கென்னா தெரியும்? நீதான டாக்டரு."

கோகிலவாணி சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. ஈரக்கையால் துடைத்துக்கொண்டு, "தூளு சோத்துல வுழுந்துருமேங்கத்த" என்றாள்.

"சோத்த நான் மூடி வெக்கறேன். நீ கீறு."

கோகிலவாணி சாக்கை நனைத்துத் துவைக்கிற கல்லில் விரித்தாள். கண்ணாடியை வைத்தாள். அசையவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மிஷினைப் போட்டாள். செல்லம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்ச் சோற்றுக் குண்டானை மூடினாள்.